சாங்கியில் இருந்து கோலாலம்பூர்: விமானமா, பேருந்தா, ரயிலா?

297 கிலோமீட்டர். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் செப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையத்துக்கும் நேர்கோட்டில் அளந்தால் இவ்வளவுதான். திருச்சிக்கும் சென்னைக்கும் நடுவே வானத்தில் இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட இதேதான். சாலையில் போனால் சிங்கப்பூரில் இருந்து கோலாலம்பூர் நகரம் 350 கிலோமீட்டர் பக்கம் வரும், அதுவும் திருச்சி சென்னை கணக்குக்குப் பக்கத்தில்தான். ஊர்க்காரர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவேன்: சென்னையில் இருந்து திருச்சிக்குக் கிளம்புகிறீர்கள், ஆனால் தாம்பரம் தாண்டியதும் ஒரு நாட்டு எல்லை இருக்கிறது, அங்கே இறங்கி இரண்டு முறை கடப்பிதழைக் காட்டிவிட்டு மறுபடியும் ஏற வேண்டும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா மகன் போன வாரம் கேட்டான்: "அண்ணே, விமானம் ஒரு மணி நேரம்தானே, பேருந்து ஆறு மணி நேரம், இதில் யோசிக்க என்ன இருக்கு?" யோசிக்க நிறைய இருக்கிறது. நான் 11 வருடமாகச் சிங்கப்பூரின் வடக்கே ஈசூனில் இருக்கிறேன், அக்காவைக் கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கிள்ளானில் கட்டிக்கொடுத்திருக்கிறது, அதனால் வருடத்துக்கு மூன்று நான்கு தடவை இந்த வழியில் போய் வருகிறேன். எல்லா வழியிலும் போயிருக்கிறேன். எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன், அவரவர் நிலைமைக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் விமானம். சீட்டில் 9:00 கிளம்பி 10:10 க்கு இறங்கும் என்று போட்டிருக்கும். அந்த 70 நிமிடத்தில் வானத்தில் இருப்பது 45 நிமிடம் பக்கம்தான். மீதியெல்லாம் கதவு மூடியபின் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முறை வரும்வரை காத்திருப்பதும், தரையிறங்கிய பிறகு வாயிலுக்கு வந்து சேர்வதும். மேலே ஏறி முடித்த கையோடு இறங்க ஆரம்பித்துவிடும், தண்ணீர் கொடுத்து முடிப்பதற்குள் இருக்கை வாரைப் போடச் சொல்லிவிடுவார்கள். அதுவரை சரி. ஆனால் நான் 9 மணி விமானத்துக்கு வீட்டில் இருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறேன்? ஈசூனில் இருந்து எம்ஆர்டி நகர ரயிலில் சாங்கிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெட்டி போடுவதற்கான முகப்பை, குறிப்பாக மலிவுக் கட்டண விமானங்களில், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதனால் 6 மணிக்குக் கிளம்பினால்தான் நிம்மதி. 10:10 க்கு இறங்கி, நடந்து, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வர 11 மணி. அங்கிருந்து விரைவு ரயில் பிடித்து நகரின் பிரதான ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல் சேர 11:45. ஆக வீட்டு வாசலில் இருந்து நகரத்து நடுவுக்கு ஐந்தே முக்கால் மணி நேரம். அக்கா வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம். வாடகைக் காரில் சாங்கிக்குப் போய், கைப்பையோடு மட்டும் கிளம்பி, வரிசையும் கருணை காட்டினால் நாலரை மணி நேரத்தில் முடித்திருக்கிறேன். அதற்குக் கீழே ஒருபோதும் வந்ததில்லை.

இதில் கோலாலம்பூர் பக்கத்து நிலவரத்தைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. சாங்கி நகர மையத்தில் இருந்து 20 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது, எம்ஆர்டியிலேயே போய்விடலாம். செப்பாங் அப்படி இல்லை. 1998 இல் திறந்த விமான நிலையம் அது, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கட்டியது, கேஎல் சென்ட்ரலுக்கு ரயில் பாதையே 57 கிலோமீட்டர். கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் அதை முதல் முனையத்தில் இருந்து 28 நிமிடத்திலும் இரண்டாம் முனையத்தில் இருந்து 33 நிமிடத்திலும் கடந்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் ஒரு ஆளுக்கு 55 ரிங்கிட். தனியாகப் போனால் அந்த ரயில்தான் சரி. மூன்று நான்கு பேராகப் போனால் கிராப் செயலியில் வாடகை வண்டி எடுப்பதுதான் லாபம், வீட்டு வாசலுக்கே போய்விடும், ஆனால் மாலை நேரத்தில் நகரத்துக்குள் நுழையும் நெரிசலையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். ஏர்ஏசியா இரண்டாம் முனையத்தில் இறங்கும், சிங்கப்பூர் ஏர்லைன்சும் மலேசியா ஏர்லைன்சும் முதல் முனையம். இரண்டுக்கும் நடுவே அதே ரயிலில் 3 நிமிடம், 2 ரிங்கிட். கூட்டிப்போக வருகிறவருக்கு முனையத்தைச் சரியாகச் சொல்லிவிடுங்கள். அத்தான் ஒரு தடவை முதல் முனையத்தில் நின்றுகொண்டு, நான் இரண்டாம் முனையத்தில் நின்றுகொண்டு, முக்கால் மணி நேரம் போனது.

சுபாங் என்று பழைய விமான நிலையம் ஒன்று இருக்கிறது, செப்பாங் வருவதற்கு முன் அதுதான் கோலாலம்பூரின் பிரதான விமான நிலையம். நகரத்துக்கும் கிள்ளானுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் ரொம்பப் பக்கம். நீங்கள் போகும் நாளில் சிங்கப்பூரில் இருந்து சுபாங்குக்கு விமானம் கிடைத்து, விலையும் ஒத்துவந்தால், யோசிக்காமல் அதை எடுங்கள். சின்ன நிலையம், வரிசை குறைவு, இறங்கி இருபது நிமிடத்தில் வெளியே வந்துவிடலாம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மேற்குப் பக்கம் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. சேவைகள் எண்ணிக்கையில் குறைவு, அதுதான் சிக்கல்.

இந்த வான்வழிக்கு ஒரு கதை உண்டு, எனக்கு அது பிடிக்கும். 1947 மே மாதம் மலாயன் ஏர்வேஸ் என்ற நிறுவனம் சிங்கப்பூரின் கல்லாங் நிலையத்தில் இருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று ஒரு குட்டி விமானத்தை ஓட்ட ஆரம்பித்தது. பிற்பாடு 1972 இல் அதுதான் பிரிந்து சிங்கப்பூர் ஏர்லைன்சாகவும் மலேசியா ஏர்லைன்சாகவும் ஆனது. பிரிந்தாலும் இந்த வழியைப் பல வருடம் அந்த இரண்டு நிறுவனங்களும் கையில் வைத்திருந்தன, விலையும் அதற்கேற்ப இருந்தது. 2008 பிப்ரவரியில்தான் மலிவுக் கட்டண விமானங்களை இந்த வழியில் விட்டார்கள். பத்தே வருடத்தில், ஒரு ஆண்டுக்கு 30,000 சேவைகளுக்கு மேல் ஓடுகிற, உலகத்திலேயே அதிக விமானங்கள் போய்வருகிற பன்னாட்டு வழியாக இது மாறிவிட்டது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது கொஞ்ச நேரத்தில் இருக்கிறது என்கிற தைரியம் இந்த வழியில் உண்டு.

விலையில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சாங்கியில் இருந்து கிளம்பும் பயணிக்கு விமான நிலையக் கட்டணங்களே 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் வந்துவிடும், அது சீட்டு விலைக்குள் ஒளிந்திருக்கும். மலேசியப் பக்கத்தில் அது ரொம்பக் குறைவு. அதனால் போகிற சீட்டைவிடத் திரும்பி வரும் சீட்டு பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். நான் அடிக்கடி செய்வது இதைத்தான்: போகும்போது பேருந்து, வரும்போது விமானம். போகும்போது அவசரம் இல்லை. வரும்போது மறுநாள் வேலை இருக்கிறது, எல்லையில் மாட்டிக்கொள்ள முடியாது.

அடுத்தது பேருந்து. இதைப் பற்றிச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது, ஏனென்றால் அதிகம் போனது இதில்தான். முன்பெல்லாம் கோலாலம்பூர் பேருந்து என்றாலே பீச் ரோட்டில் கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ்தான். 2023 இல் அந்தக் கட்டடத்தை மூடிய பிறகு நிறுவனங்கள் ஆளுக்கொரு இடமாகப் பிரிந்துவிட்டன. சீட்டில் ஏறும் இடத்தை இரண்டு தடவை படியுங்கள். நல்ல பேருந்துகளில் ஒரு வரிசைக்கு மூன்றே இருக்கை, நன்றாகச் சாய்த்துக்கொள்ளலாம், விமானத்தில் முழங்கால் இடிக்க உட்காருவதற்கு இது எவ்வளவோ மேல். கட்டணம், சாதாரண நாளில் நான் கொடுத்தது 25 இல் இருந்து 45 வெள்ளி வரை. பெரும்பாலான பேருந்துகள் துவாஸ் வழியாக இரண்டாம் இணைப்பு என்கிற பாலத்தைக் கடந்து, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, நடுவே யோங் பெங் அல்லது பாகோ பக்கம் ஒரு இருபது நிமிடம் நிறுத்தி, கோலாலம்பூரின் தெற்கில் இருக்கும் டிபிஎஸ் பேருந்து முனையத்தில் கொண்டுபோய் விடும். செவ்வாய், புதன் மாதிரி நாளில் காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியம் ஒன்றரைக்கு டிபிஎஸ். ஐந்தரை மணி நேரம். இந்தக் கணக்கை விமானத்தின் ஐந்தே முக்கால் மணி நேரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தம்பி ஏன் யோசிக்க வேண்டும் என்பது புரியும். ஏறும் இடத்துக்கு வீட்டில் இருந்து போகிற நேரத்தைச் சேர்த்தாலும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குள்தான்.

டிபிஎஸ்ஸில் இறங்குவது ஒரு பெரிய வசதி, இதைப் பலர் சொல்வதில்லை. முனையத்தில் இருந்து பாலத்தைக் கடந்தால் பண்டார் தாசேக் செலாத்தான் ரயில் நிலையம். அங்கே கொமியூட்டர் என்கிற புறநகர் ரயில் நிற்கும், அதே வண்டியில் மாறாமல் பத்துமலைக்கே போகலாம். எல்ஆர்டி நகர ரயிலும் உண்டு. விமான நிலையத்துக்குப் போகும் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலும் அங்கே நிற்கும்.

இனி அந்த எல்லையைப் பற்றி. 350 கிலோமீட்டர் சாலையில் உங்கள் நேரத்தைத் தீர்மானிப்பது ஒரே ஒரு கிலோமீட்டர்தான். உட்லண்ட்ஸ் கடற்பாலம் ஒரு கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், 1924 இல் திறந்தது. துவாசில் இருக்கும் இரண்டாம் இணைப்பு 1998 இல் வந்தது, இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்த இரண்டு பாலங்கள் வழியாகத்தான் அத்தனை பேரும் போக வேண்டும். டிசம்பர் விடுமுறையில் ஒரே நாளில் 5 லட்சம் பேருக்கு மேல் கடந்திருக்கிறார்கள். சாதாரண நாளில் இரண்டு பக்கமும் சேர்த்து முக்கால் மணி நேரத்தில் தாண்டிவிடலாம். வெள்ளிக்கிழமை மாலை, சனிக்கிழமை காலை, பள்ளி விடுமுறையின் முதல் நாள், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளிக்கு முந்தின நாள், இதெல்லாம் வேறு உலகம்.

ஒரு தீபாவளிக்கு முந்தின மாலை நான் 6 மணிப் பேருந்தில் ஏறினேன். அக்கா இரவு சாப்பாடு வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தாள். எல்லையைத் தாண்டும்போது மணி பதினொன்றைத் தொட்டுவிட்டது. பக்கத்து இருக்கையில் ஒரு அம்மா கைக்குழந்தையோடு, பால் தீர்ந்துபோய், பேருந்தில் இருந்த எல்லாரும் வெந்நீர் இருக்கிறதா என்று பைகளைத் துழாவினோம். டிபிஎஸ் வந்தபோது விடியற்காலை நாலு மணி, ரயில் எதுவும் ஓட ஆரம்பிக்கவில்லை, ஆறு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நேரத்தில் கொமியூட்டரில் கிள்ளான் போனேன். அன்றோடு பண்டிகைக்கு முந்தின நாளில் சாலை வழி என்பதையே விட்டுவிட்டேன். அன்றைக்கெல்லாம் விமானத்துக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் பரவாயில்லை, அல்லது ஒரு நாள் முன்பே விடுப்பு எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. எல்லையில் பேருந்து உங்களுக்காக ரொம்ப நேரம் நிற்கும் என்று நம்ப வேண்டாம். சிங்கப்பூர்ப் பக்கம் ஒரு தடவை, மலேசியப் பக்கம் ஒரு தடவை, ஆக இரண்டு முறை இறங்கி ஏற வேண்டும். மலேசியப் பக்கத்தில் பெட்டியையும் இறக்கிச் சோதனைக் கருவியில் விட வேண்டும். ஒரு முறை எனக்கு முன்னால் ஒரு சுற்றுலாக் கூட்டம், என் வரிசை நகரவே இல்லை, வெளியே வந்து பார்த்தால் என் பேருந்து போய்விட்டது. அதே நிறுவனத்தின் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ளலாம் என்றார்கள், அது முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. அதில் இருந்து நான் வைத்திருக்கும் பழக்கம்: இறங்கும்போது பேருந்தின் எண்பலகையைப் படம் எடுத்துக்கொள்வது, ஓட்டுநரின் எண்ணை வாங்கிக்கொள்வது, கடப்பிதழையும் தண்ணீரையும் ஒரு சின்னப் பையில் கழுத்தோடு வைத்துக்கொள்வது. கழிவறைக்குப் போவதானால் குடிநுழைவு முடிந்த பிறகு போங்கள், அதற்கு முன் போனால் வரிசையில் நாற்பது பேர் உங்களுக்கு முன்னால் வந்துவிடுவார்கள்.

ரயில் விஷயத்தில் இப்போதுதான் நல்ல காலம் வந்திருக்கிறது. 2011 வரை தஞ்சோங் பகாரில், சிங்கப்பூர் நகரத்துக்குள்ளேயே, மலேசிய ரயில் வந்து நின்றது. அந்த நிலையத்தை மூடிய பிறகு உட்லண்ட்ஸ்தான் எல்லை. அதற்கப்புறம் பல வருடம், கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஜொகூர் பாருவில் இருந்து கெமாஸ் வரை பழைய டீசல் வண்டி, அங்கே இறங்கி மின்சார ரயில் என்று அரை நாள் போய்விடும். ரயில் பிடிக்கும் என்பதற்காக நான் ஒரு தடவை போனேன், இன்னொரு தடவை போகவில்லை. கெமாசில் இருந்து ஜொகூர் பாரு வரையிலான 192 கிலோமீட்டர் இரட்டைப் பாதையும் மின்மயமும் முடிந்து, 2025 டிசம்பரில் இடிஎஸ் என்ற மின்சார ரயில் கேஎல் சென்ட்ரலில் இருந்து ஜொகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் நிலையம் வரை மாறாமல் ஓட ஆரம்பித்தது. நாலரை மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுகிறது. நெடுஞ்சாலை நெரிசல், மழை, விபத்து எதுவும் அதைத் தொடாது. எழுந்து நடக்கலாம், கழிவறை இருக்கிறது, சாப்பிடலாம், முதுகுவலிக்காரர்களுக்கு இதுதான் வழி.

சிக்கல், ஜேபி சென்ட்ரல் வரை போய்ச் சேர்வதில் இருக்கிறது. அதற்குச் சிறந்த வழி ஷட்டில் தெப்ராவ், உட்லண்ட்சில் இருந்து 5 நிமிட ரயில். இங்கிருந்து போக 5 வெள்ளி, அங்கிருந்து வர 5 ரிங்கிட். போகும்போது இரண்டு நாட்டுக் குடிநுழைவும் உட்லண்ட்சிலேயே முடிந்துவிடும், அந்தப் பக்கம் இறங்கி நேராக நடந்தால் இடிஎஸ் நடைமேடை. 30 நாள் முன்னதாகவே சீட்டு விற்பனை திறக்கும், வார இறுதிச் சீட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே முன்பதிவு செய்யுங்கள்: முதலில் தெப்ராவ் கிடைக்கிறதா பாருங்கள், அப்புறம் இடிஎஸ். தெப்ராவ் கிடைக்காமல் 170 அல்லது 950 பேருந்தில் கடற்பாலத்தைக் கடப்பதானால் வேலை நாளில் ஒன்றரை மணி நேரம், வார இறுதியில் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஈசூன், உட்லண்ட்ஸ், செம்பவாங் பக்கம் இருப்பவர்களுக்கு வீட்டில் இருந்து கேஎல் சென்ட்ரல் ஆறரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். கிழக்கே இருக்கும் தெம்பனிஸ், பாசிர் ரிஸ்காரர்களுக்கு இது சுற்று வழி. சாங்கி பக்கத்தில் இருக்கும்போது தீவைக் குறுக்கே கடந்து வடக்கே போவதில் பொருளில்லை.

இந்த இடத்தில் மனசு கொஞ்சம் வலிக்கும். 2016 இல் இரண்டு நாடும் கையெழுத்துப் போட்ட அதிவேக ரயில் திட்டம் வந்திருந்தால், ஜூரோங் ஈஸ்ட்டில் ஏறி 90 நிமிடத்தில் கோலாலம்பூர். 2021 பிறந்த அன்று அது ரத்தானதாக அறிவித்தார்கள், மலேசியா 10 கோடி வெள்ளிக்கு மேல் இழப்பீடு கொடுத்தது. அது வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கிடைக்கப்போவது ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் குறுந்தூர ரயில்: உட்லண்ட்ஸ் நார்த்தில் இருந்து ஜொகூர் பாருவின் புக்கிட் சாகருக்கு 4 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்தில் ஒரு திசையில் 10,000 பேரைக் கொண்டுபோகும், 2026 இறுதி வாக்கில் ஓடவிடுவது திட்டம். அது வந்து ஒழுங்காக ஓட ஆரம்பித்தால் ரயில் வழிதான் என் முதல் தேர்வாகிவிடும், ஏனென்றால் அந்த ஒரு கிலோமீட்டர் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கார் என்னிடம் இல்லை, நண்பர்களோடு போன அனுபவம்தான். நாலு பேர் சேர்ந்தால் ஆள் கணக்குக்கு மலிவு, நடுவில் மூவாரில் இறங்கிச் சாப்பிடலாம், மலாக்காவைப் பார்க்கலாம். சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்டும்போது டேங்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியையும் 2025 ஜூலையில் இருந்து கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். நெடுஞ்சாலையில் 110 தான் வேக வரம்பு.

இப்போது முக்கியமான ஒரு கூட்டத்துக்கு வருகிறேன்: ஊருக்கே போகாமல், ஒரு விமான நிலையத்தில் இருந்து இன்னொரு விமான நிலையத்துக்குப் போக வேண்டியவர்கள். திருச்சியில் இருந்து கோலாலம்பூருக்குச் சீட்டு மலிவாகக் கிடைத்தது, அங்கிருந்து சிங்கப்பூர் போய்க்கொள்கிறேன் என்று வருகிறவர்கள் நிறைய. இரண்டும் ஒரே முன்பதிவில் இருந்தால் கவலை இல்லை, முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு, பெட்டியும் தானாக மாறும். தனித்தனியாக வாங்கியிருந்தால், கோலாலம்பூரில் குடிநுழைவு தாண்டி, பெட்டி எடுத்து, மறுபடி பெட்டி போட்டு, மறுபடி குடிநுழைவு. இதற்கு நான் நாலு மணி நேரத்துக்குக் குறைத்துச் சொல்லவே மாட்டேன், முனையம் மாறினால் ஐந்து. எங்கள் சொந்தக்காரர் ஒருவர் இரண்டரை மணி நேரம் போதும் என்று வந்தார். திருச்சியில் ஒரு மணி நேரம் தாமதம், அவ்வளவுதான், இரண்டாவது சீட்டுக் காசு போனது, புதுச் சீட்டுக்கு மிச்சம் பிடித்ததைவிட அதிகம் கொடுத்தார்.

செப்பாங்கில் இறங்கிச் சாலை வழியாகச் சிங்கப்பூர் வருவது முடியாத காரியமில்லை. டிரான்சிட் ரயிலில் டிபிஎஸ் வந்து பேருந்து பிடிக்கலாம், மொத்தம் எட்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாங்கியில் இன்னொரு விமானம் பிடிக்க வேண்டியிருந்தால் இதைச் செய்யாதீர்கள். அரை நாள் இடைவெளி இருந்தாலும் வெள்ளிக்கிழமையாக இருந்தால் நான் துணிய மாட்டேன்.

தாள் விஷயம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 2026 இறுதிவரை மலேசியாவுக்கு விசா வேண்டாம், 30 நாள் தங்கலாம். வந்து சேர்வதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பிவிட வேண்டும், அது இலவசம், காசு கேட்கும் இணையத்தளம் எல்லாம் இடைத்தரகர்கள். சிங்கப்பூருக்கு விசா கட்டாயம். ஊரில் இருந்து அப்பா அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்து வந்து நடுவில் கோலாலம்பூர் கூட்டிப்போகிறவர்கள், அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழையக்கூடியதா என்று பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். நேர வித்தியாசம் இரண்டு ஊருக்கும் கிடையாது, 1982 இல் இருந்து ஒரே கடிகாரம்தான்.

வயதானவர்களோடு போவதென்றால் என் பதில் மாறிவிடும். பேருந்தில் இரண்டு முறை இறங்கி ஏறுவதும், படிக்கட்டும், பெட்டியும், வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பதும் அவர்களால் ஆகாது. விமானத்தில் முன்கூட்டியே சொன்னால் சக்கர நாற்காலி கிடைக்கும், ஆள் வந்து தள்ளிக்கொண்டு போவார், குடிநுழைவிலும் தனி வரிசை விடுவார்கள். அந்த 60, 70 வெள்ளி வித்தியாசத்தை அவர்களுடைய முழங்காலுக்காகக் கொடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் பகல் நேரப் பேருந்தோ ரயிலோ பரவாயில்லை, இரவுப் பேருந்து வேண்டாம், நடுராத்திரி எல்லையில் தூங்கும் பிள்ளையை எழுப்பி இறக்கினால் பிறகு விடியும்வரை அழுகைதான்.

வேலைக்காக ஒரே நாளில் போய்த் திரும்புகிறவர்கள் விமானத்தில்தான் போக வேண்டும். நண்பர்களாகச் சேர்ந்து போகிற இளைஞர்கள் பேருந்தில் போகலாம், மிச்சமாகும் காசில் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில் வயிறாரச் சாப்பிடலாம். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு வழிக்கு மட்டும் பேருந்து 140 வெள்ளி, விமானம் 360 வெள்ளியோடு செப்பாங்கில் இருந்து வண்டிச் செலவு என்று என் போன முறைக் கணக்கு வந்தது.

தைப்பூசத்துக்கு அம்மாவைப் பத்துமலைக்குக் கூட்டிப்போக வேண்டும். அவர் ஊரில் இருந்து வருகிறார், 68 வயது, 272 படியும் ஏறியே தீருவேன் என்கிறார். சிங்கப்பூரில் அன்று விடுமுறை இல்லை, சிலாங்கூரில் உண்டு, ஆகவே எல்லையில் நம் பக்கத்துக் கூட்டம் கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆனாலும் காவடி எடுக்கிறவர்களும் வேண்டுதல்காரர்களுமாகப் பேருந்துகள் நிரம்பிவிடும். இரண்டு நாள் முன்பு காலை விமானத்தில் அம்மாவோடு நான் செப்பாங் போகிறேன், அத்தான் வண்டி கொண்டுவருகிறார், இந்தத் தடவை முனையத்தை எழுதியே அனுப்பிவிட்டேன். திரும்பும்போது இடிஎஸ்ஸும் தெப்ராவும் முன்பதிவு செய்யப்போகிறேன். அம்மாவுக்கு ரயில் ஜன்னல் என்றால் உயிர், குளுவாங் பக்கம் ரப்பர் மரங்களும் செம்பனையும் வருகிற இடத்தை அவர் பார்க்க வேண்டும், அவருடைய தாத்தா அந்தத் தோட்டங்களில் ஒன்றில்தான் பால் வெட்டினார்.